பைக்கை ஏற்றிச் செல்ல பிக்கப்பா, வேனா? புதிதாக வாங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பைக்கை ஏற்றிச் செல்ல ஒரு வண்டி வாங்கலாம் என்று தீர்மானித்தவர்கள் பெரும்பாலும் இன்ஜின் திறன், மைலேஜ், உள்ளே இருக்கும் வசதி என்றுதான் பார்க்க ஆரம்பிக்கிறார்கள். இதெல்லாம் தேவைதான். ஆனால் வண்டி கைக்கு வந்த பிறகு ஒவ்வொரு முறையும் உங்களைச் சோதிக்கப் போவது வேறு: பைக்கைத் தரையிலிருந்து எவ்வளவு உயரம் ஏற்ற வேண்டியிருக்கிறது, அதை யார் ஏற்றுகிறார்கள். பிக்கப்பா வேனா என்ற கேள்விக்கு முக்கால்வாசிப் பதில் அதிலேயே இருக்கிறது. மிச்சத்தை நீளம், சுமை, மழை, கூட வரும் ஆட்கள் ஆகியவை முடிவு செய்யும். அந்த வரிசையிலேயே போகலாம். ஒரு அளவு நாடா, ஒரு தாள், ஒரு பேனா எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பைக்கை அளந்துகொள்ளுங்கள்

ஷோரூமுக்குப் போவதற்கு முன் இதைச் செய்துவிடுங்கள். பைக்கின் மொத்த நீளம், இரண்டு சக்கர அச்சுகளுக்கு நடுவே உள்ள தூரம் (இதைத்தான் வீல்பேஸ் என்கிறார்கள்), கண்ணாடிகளோடு சேர்த்து ஹேண்டில்பாரின் அகலம், பைக்கின் உச்சப் புள்ளி வரை உயரம், டேங்க் நிறைய பெட்ரோலோடு எடை. இந்த ஐந்தும் வேண்டும். ஒன்றுக்கு மேல் பைக் வைத்திருந்தால், எது பெரியதோ அதைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும்.

எடை விஷயத்தில் கொஞ்சம் கவனம். சில நிறுவனங்கள் பெட்ரோல், ஆயில், பேட்டரி எதுவும் சேர்க்காத எடையை அச்சிடுவதுண்டு. பெட்ரோல் லிட்டருக்கு ஏறத்தாழ முக்கால் கிலோ. 16 லிட்டர் டேங்க் நிறைந்தால் அதுவே 12 கிலோ. பக்கப் பெட்டிகள், கிராஷ் கார்டு என்று நீங்கள் மாட்டியவை தனி.

உதாரணத்துக்கு மூன்று வகையை மனதில் வைத்துக்கொள்வோம். 450 சிசி மோட்டோகிராஸ் பைக் (மண் பந்தயக் களத்தில் ஓட்டுவது) சுமார் 110 கிலோ. ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 ஏறத்தாழ 195 கிலோ, வீல்பேஸ் 1.39 மீட்டர். பிஎம்டபிள்யூ ஆர் 1250 ஜிஎஸ் போன்ற பெரிய அட்வெஞ்சர் பைக் 249 கிலோ. ஹோண்டா கோல்டு விங் மாதிரி 350 கிலோவைத் தாண்டுகிற பைக் உங்களிடம் இருந்தால், உயரமான பிக்கப்பில் தனியாளாக ஏற்றும் யோசனையை இப்போதே விட்டுவிடுங்கள்.

ஏற்றும் உயரம்: எல்லாம் இங்கேதான் முடிவாகிறது

பெரிய ஃபோர் வீல் டிரைவ் பிக்கப் ஒன்றின் பின்பலகையைத் திறந்து கிடத்தினால், அது தரையிலிருந்து 85 முதல் 90 செ.மீ. உயரத்தில் இருக்கும். ஏறக்குறைய உங்கள் இடுப்பு மட்டம். முன்சக்கரம் இழுக்கும் வேன்களில் இன்ஜினின் சுழற்சியைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோகும் தண்டு தேவையில்லை, அதனால் தளத்தைத் தாழ்வாக வைக்க முடிகிறது. ஃபியட் டுகாட்டோவின் தளம் தரையிலிருந்து சுமார் 54 செ.மீ. தான். பின்சக்கரம் இழுக்கும் வேன்கள் இதைவிடச் சற்று உயரமாக இருக்கும். ஃபோர்டு டிரான்சிட் இரண்டு வகையிலும் வருகிறது, எது என்று கேட்டு வாங்குங்கள்.

இந்த 35 செ.மீ. வித்தியாசம் என்ன செய்யும் என்பதற்கு ஒரு எளிய கணக்கு இருக்கிறது. பைக்கின் எடையை ஏற்றும் உயரத்தால் பெருக்கி, ராம்பின் (பைக்கை ஏற்றச் சாய்த்து வைக்கும் பலகை) நீளத்தால் வகுத்தால், மேட்டில் பைக்கைத் தள்ளிப் பிடிக்க எவ்வளவு பலம் வேண்டும் என்று தெரிந்துவிடும். இரண்டேகால் மீட்டர் ராம்ப் வைத்திருக்கிறீர்கள் என்று கொள்வோம். 90 செ.மீ. உயர பிக்கப்பில் கிளாசிக் 350-ஐ ஏற்ற 78 கிலோ பலம் வேண்டும். அதே பைக், அதே ராம்ப், 54 செ.மீ. உயர வேன் என்றால் 47 கிலோ போதும். ஆர் 1250 ஜிஎஸ்ஸுக்கு பிக்கப்பில் நூறு கிலோ, வேனில் அறுபது. மோட்டோகிராஸ் பைக்குக்கு பிக்கப்பில் 44, வேனில் 26.

இந்த எண்களை இன்னொரு தடவை படியுங்கள். 26 கிலோவை ஒரு ஆள் அலட்டிக்கொள்ளாமல் தள்ளுவார். 47 கிலோ என்றால் மூச்சு வாங்கும், ஆனால் முடியும். 78 கிலோவை ஓடிவந்த வேகத்தில் ஏற்றலாம், பாதியில் நின்றுவிட்டால் பிடித்து நிறுத்துவது சிரமம். நூறு கிலோ என்பது இரண்டு பேர் வேலை, அதிலும் இருவரும் சொல்லிவைத்தாற்போல் தள்ள வேண்டும்.

பலம் ஒரு பாதி, கால் வைக்கும் இடம் மறு பாதி. முன்சக்கரம் ராம்பின் உச்சியைத் தொடும்போது பைக்கின் பக்கத்தில் நடந்து வருபவர் இன்னும் தரையில் இருப்பார். பைக் மேலே போகப் போக ஹேண்டில்பார் அவர் தோளுக்கு மேலே உயரும். கை நீண்டு, பிடி தளர்ந்து, கால் ஒரு படியைத் தேடும். பைக்குகள் ராம்பிலிருந்து சாய்வது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். பிக்கப்பில் அந்தக் காலுக்கு உறுதியான ஒரு முக்காலியோ இரண்டாவது ராம்போ கட்டாயம் வேண்டும். தாழ்தள வேனில் ஒரே எட்டில் உள்ளே ஏறிவிடலாம்.

பிக்கப் வைத்துக்கொண்டு இந்தச் சிக்கலைக் குறைக்க இரண்டு வழி உண்டு. ஒன்று, ராம்பை நீளமாக்குவது. மூன்று மீட்டர் ராம்ப் போட்டால் கிளாசிக் 350-க்கு 78 கிலோ என்பது 58-க்கு இறங்கும். ஆனால் அவ்வளவு நீளமான ராம்பை மடித்து வைக்க முடிகிறதா, தனியாளாகத் தூக்க முடிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டாவது வழிக்குக் காசே வேண்டாம். மேடு பார்த்து வண்டியை நிறுத்துவது. வண்டியின் பின்புறம் ஒரு கரைமேட்டை நோக்கி இருந்தால், ராம்பின் கீழ்முனை அந்த மேட்டின் மேல் உட்காரும், சாய்வு குறையும். அனுபவசாலிகள் பைக்கை இறக்க இடம் பார்க்கும்போது முதலில் தேடுவது இப்படி ஒரு மேட்டைத்தான்.

நீளமும் அகலமும்

பிக்கப் என்றாலே பைக் பிடிக்கும் என்று நினைப்பவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். நான்கு கதவு கொண்ட டபுள் கேப் பிக்கப்பில் ஆட்களுக்கு இடம் கொடுத்துவிட்டு பாடியை, அதாவது பின்னால் சுமை ஏற்றும் திறந்த பகுதியை, குறைத்திருப்பார்கள். டொயோட்டா ஹைலக்ஸ் டபுள் கேபின் பாடி நீளம் சுமார் ஒன்றரை மீட்டர். இரண்டு கதவு உள்ள அதன் சிங்கிள் கேபில் 2.3 மீட்டர் அளவுக்குக் கிடைக்கும். அமெரிக்க முழு அளவு பிக்கப்கள் பொதுவாக ஐந்தரை அடி, ஆறரை அடி, எட்டு அடி என்று மூன்று பாடி நீளங்களில் வருகின்றன. மீட்டரில் சொன்னால் 1.68, 1.98, 2.44.

இப்போது பைக்கை வைத்துப் பார்ப்போம். முன்சக்கரத்தைப் பாடியின் முன்சுவரில் முட்டி நிறுத்தினால், பின்சக்கரம் தரையைத் தொடும் புள்ளி எங்கே வரும்? வீல்பேஸோடு முன்சக்கரத்தின் பாதி உயரத்தைக் கூட்டுங்கள். கிளாசிக் 350-க்கு 1.39-உடன் சுமார் 0.33 சேர்த்தால் 1.72 மீட்டர். அதாவது ஒன்றரை மீட்டர் பாடியிலும் சரி, ஐந்தரை அடி பாடியிலும் சரி, பின்சக்கரம் திறந்து கிடக்கும் பின்பலகையின் மேல்தான் உட்காரும். ஆறரை அடி பாடியில் சக்கரம் உள்ளே வந்துவிடும், ஆனால் மட்கார்டு வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால் பலகையை மூட முடியாது. கொஞ்சம் குறுக்காக நிறுத்தினால் சில சமயம் மூடலாம். எட்டு அடி என்றால் கவலையே இல்லை.

பின்பலகையின் மேல் சக்கரம் நிற்பது பெரிய தப்பா என்றால், தப்பில்லை, ஆனால் பார்க்க வேண்டியவை உண்டு. பலகையைத் தாங்குவது இரண்டு பக்கமும் உள்ள கம்பிவடங்கள். வண்டியின் கையேட்டில் பின்பலகை எவ்வளவு எடை தாங்கும் என்று போட்டிருக்கிறதா பாருங்கள். பழைய வண்டி வாங்குகிறீர்கள் என்றால் அந்த வடங்களில் துரு, பிரிந்த இழை இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். பலகை திறந்தே ஓடும்போது நம்பர் பிளேட்டோ பின்விளக்கோ மறைகிறதா என்பதும் முக்கியம். வெளியே நீட்டிய சுமைக்கு என்ன விதி என்பது நாட்டுக்கு நாடு மாறும், உங்கள் ஊர் விதியைத் தெரிந்துகொண்டு ஓட்டுங்கள்.

வேனில் நீளம் அவ்வளவு தொல்லை தராது. நடுத்தர வேனான ஃபோக்ஸ்வேகன் டிரான்ஸ்போர்ட்டர் டி6-இன் குட்டையான மாடலிலேயே 2.57 மீட்டர் கிடைக்கிறது. டுகாட்டோவின் மிகச் சிறிய மாடல் 2.67 மீட்டரில் தொடங்கி 4 மீட்டர் தாண்டிப் போகிறது. வேனில் தொல்லை உயரத்திலும் அகலத்திலும். டி6-இன் தாழ்கூரை மாடலில் உள்ளுயரம் 1.41 மீட்டர். ஆர் 1250 ஜிஎஸ்ஸின் கண்ணாடித் தடுப்பு வரை உயரம் 1.43 மீட்டர். தடுப்பைக் கழற்றாமல் உள்ளே போகாது. பைக் உள்ளே போனாலும் நீங்கள் குனிந்தபடிதான் கட்ட வேண்டும். டுகாட்டோவின் தாழ்கூரையில் 1.66, அடுத்த கூரையில் 1.93 மீட்டர் கிடைக்கும். இரண்டாவதில் சராசரி உயரமுள்ளவர் நிமிர்ந்து நிற்கலாம். முதுகுவலி உள்ளவர்கள் இதை ஆடம்பரம் என்று தள்ளிவிட வேண்டாம். உள்ளுயரத்தை மட்டும் பார்க்காமல் பின்கதவு வாயின் உயரத்தையும் அளவெடுங்கள், அது எப்போதும் சில செ.மீ. குறைவாகவே இருக்கும்.

அகலத்தில் பிக்கப்புக்கு ஒரு சாதகம் உண்டு, பலர் இதைக் கவனிப்பதில்லை. பாடியின் பக்கச் சுவர்கள் தாழ்வானவை, ஹேண்டில்பார் அவற்றுக்கு மேலே நிற்கும். அதனால் எவ்வளவு அகலமான ஹேண்டில்பாரும் இடிக்காது. இரண்டு பைக்கை அடுத்தடுத்து வைக்கும்போது சக்கரங்களுக்கு இடம் இருந்தால் போதும். வேனில் சுவர் மேல்வரை வருகிறது. 80 செ.மீ. ஹேண்டில்பார் உள்ள இரண்டு பைக்குகளை ஒரே மட்டத்தில் நிறுத்த 1.6 மீட்டர் வேண்டும், நடுவில் கை நுழையக்கூட இடம் இருக்காது. ஒன்றை முன்னும் ஒன்றைச் சற்றுப் பின்னும் தள்ளி நிறுத்தினால் ஹேண்டில்பார்கள் ஒன்றையொன்று தாண்டி நிற்கும். நீளமான வேனில் மூன்று பைக் ஏற்றுபவர்கள் நடு பைக்கைத் திருப்பி, பின்சக்கரம் முதலில் போகும்படி ஏற்றுவார்கள்.

எவ்வளவு சுமை தாங்கும்

வண்டியின் அனுமதிக்கப்பட்ட மொத்த எடையிலிருந்து வெற்று எடையைக் கழித்தால் கிடைப்பதுதான் நீங்கள் ஏற்றக்கூடியது. அதில் பைக் மட்டும் இல்லை, ஆட்கள், கருவிப் பெட்டி, ராம்ப், கூடாரம் எல்லாம் அடக்கம். ஐரோப்பியக் கணக்கில் வண்டியின் வெற்று எடையிலேயே ஓட்டுநருக்கு 75 கிலோ சேர்த்திருப்பார்கள். அமெரிக்க வண்டிகளில் ஓட்டுநர் கதவுத்தூணில் ஒட்டிய தாளில், ஆட்களும் சுமையும் சேர்ந்து இவ்வளவுக்கு மேல் போகக்கூடாது என்று நேரடியாக அச்சிட்டிருக்கும். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வருவது பெரும்பாலும் இழுக்கும் திறன். இழுக்கும் திறன் வேறு, சுமக்கும் திறன் வேறு. டிரெய்லர் கட்டாதவருக்கு இரண்டாவதுதான் கணக்கு.

ஐந்து பேர், ஆளுக்கு 75 கிலோ என்றால் 375. இரண்டு பெரிய அட்வெஞ்சர் பைக் 498. சேர்த்தால் 873 கிலோ, இதில் சாமான் இன்னும் சேரவில்லை. பெரிதாகத் தெரிகிற பல டபுள் கேப் பிக்கப்களின் வரம்பை இது தாண்டிவிடும்.

எடை எவ்வளவு என்பதோடு எங்கே உட்காருகிறது என்பதும் முக்கியம். குட்டை பாடி பிக்கப்பில் பைக்கின் எடையில் பெரும்பங்கு பின் அச்சுக்கு மேலோ அதற்குப் பின்னாலோ விழும். முன்சக்கரங்களின் பிடி குறையும், ஸ்டீயரிங் லேசாகத் தெரியும், முகப்பு விளக்கு எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும். வேனில் பைக்கை முன்னால் தள்ளி இரண்டு அச்சுகளுக்கு நடுவே நிறுத்த முடியும், வண்டி சமநிலையோடு ஓடும்.

மழை, திருட்டு, பெட்ரோல் ஆவி

பிக்கப்பில் பைக் திறந்தவெளியில் நிற்கிறது. மழை, தூசி, நெடுஞ்சாலை வேகத்தில் வரும் காற்று எல்லாவற்றையும் வாங்கிக்கொள்ளும். அதற்காக உறை போட்டு மூடிவிடாதீர்கள். ஓடும் வண்டியில் உறை படபடவென்று அடித்து, துணிக்கும் டேங்குக்கும் நடுவே சிக்கிய தூசியால் பெயின்டைத் தேய்த்துவிடும். மழையில் நனைந்த பைக்கைத் துடைத்துவிடலாம், தேய்ந்த பெயின்டை ஒன்றும் செய்ய முடியாது. பாடிக்கு மேல் கூண்டு போடலாமே என்றால், பெரும்பாலான கூண்டுகள் ஓட்டுநர் அறையின் கூரை மட்டத்தோடு நின்றுவிடும், நிமிர்ந்த பைக் அதற்குள் நுழையாது.

திருட்டு பயம் உள்ள இடத்தில் இரவு தங்க நேர்ந்தால் வேனின் அருமை புரியும். உள்ளே என்ன இருக்கிறது என்றே வெளியே தெரியாது. ஜன்னல் இல்லாத வேனாக எடுங்கள், பின்கதவுக்கு ஒரு கூடுதல் பூட்டும் போட்டுக்கொள்ளுங்கள். பிக்கப்பில் பைக் ஒரு காட்சிப் பொருள். கண்டிப்பாகச் சங்கிலியும் பூட்டும் வேண்டும், பட்டை பெல்ட்டைக் கத்தியால் அறுக்க ஒரு நிமிடம் போதும்.

வேனுக்கே உரிய ஒரு ஆபத்தையும் சொல்ல வேண்டும், இதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தளத்தில் படிந்து தங்கும். மூடிய வேனில் அது வெளியேற வழி இல்லை. கார்புரேட்டர் உள்ள பைக் என்றால் பெட்ரோல் குழாயை மூடிவிட்டு ஏற்றுங்கள். டேங்கை வாய்வரை நிரப்பாதீர்கள், வெயிலில் நிற்கும் வேனுக்குள் பெட்ரோல் விரிந்து மூடி வழியே கசியும். தளமட்டத்தில் காற்றோட்டத் துளை இருப்பது நல்லது. வேனிலேயே படுத்துத் தூங்கும் திட்டம் இருந்தால், பைக்கை வெளியே இறக்கிவிட்டு, கதவுகளைத் திறந்து நன்றாகக் காற்றாடவிட்ட பிறகு படுங்கள். உள்ளே அடுப்பு மூட்டும் பேச்சே வேண்டாம். இந்த ஒரு விஷயத்தில் பிக்கப் எல்லா வகையிலும் மேல்.

ஓட்டுநருக்கும் சுமைக்கும் நடுவே தடுப்புச் சுவர் உள்ள வேனாகப் பாருங்கள். அது வாடையைத் தடுக்கும். அவசரமாக பிரேக் பிடிக்கும்போது அவிழ்ந்த கருவிப் பெட்டி உங்கள் தலைக்கு வராமலும் தடுக்கும்.

யார் யார் வருவார்கள், எந்தப் பாதையில்

குடும்பத்தோடு போகிறவர்கள், வார நாட்களில் அதே வண்டியில் பிள்ளைகளைப் பள்ளியில் விடுபவர்கள் என்றால் டபுள் கேப் பிக்கப்பின் பக்கம் நியாயம் இருக்கிறது. சாதாரண வேனில் இரண்டு அல்லது மூன்று இருக்கைதான். இரண்டாவது வரிசை இருக்கை உள்ள வேன்கள் உண்டு, வாங்கும் முன் அந்த வரிசைக்குப் பின்னால் மிச்சம் இருக்கும் நீளத்தை அளந்து பாருங்கள்.

பாதையையும் யோசியுங்கள். முன்சக்கரம் இழுக்கும் வேனில் பின்பக்கம் எடை ஏறினால் முன்சக்கரப் பிடி குறையும். மழை பெய்த புல்வெளியில், சேற்றில், ஏற்றத்தில் சக்கரம் சுழன்றுகொண்டே நிற்கும். மோட்டோகிராஸ் களம் பெரும்பாலும் இப்படி ஒரு வயல்வெளியில்தான் இருக்கும். ஃபோர் வீல் டிரைவ் பிக்கப் அங்கே சத்தமில்லாமல் வெளியே வந்துவிடும். நகரத்தில் நிலைமை வேறு. பல அடுக்கு வாகன நிறுத்தங்களில் பொதுவாக 2 மீட்டரை ஒட்டியே உயரத்தடை இருக்கும், உயரமான வேன் உள்ளே போகாது.

என்னைக் கேட்டால், சாலை பைக் வைத்திருப்பவர், அடிக்கடி தனியாக ஏற்றுபவர், 180 கிலோவுக்கு மேல் எடையுள்ள பைக் உள்ளவர் தாழ்தள வேனை எடுப்பதுதான் சரி. இலேசான மண்பாதை பைக், கூட உதவிக்கு ஆள், மோசமான பாதை, குடும்பப் பயன்பாடு என்று இருப்பவருக்கு பிக்கப் பொருந்தும், பாடி ஆறரை அடிக்குக் குறையாமல் இருந்தால் இன்னும் நல்லது. வருஷத்தில் ஓரிரு தடவைதான் பைக்கை ஏற்றுவீர்கள் என்றால் இரண்டுமே வேண்டாம், இருக்கிற காரில் ஒரு தாழ்வான டிரெய்லரை மாட்டிக்கொள்ளுங்கள். கார் இழுக்கக்கூடிய எடையையும் உங்கள் உரிமம் அனுமதிக்கிறதா என்பதையும் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மனம் இரண்டு பக்கமும் இழுத்தால், வாங்குவதற்கு முன் ஒரு நாள் வாடகைக்கு எடுங்கள். வாடகை கொடுப்பவரிடம் பைக் ஏற்றப் போவதைச் சொல்லிவிட்டு, உங்கள் பைக்கை நீங்களே ஏற்றி, கட்டி, சிறிது தூரம் ஓட்டி, இறக்கிப் பாருங்கள்.

ஏற்றும் முறை

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, கியரில் போட்டு, கைபிரேக்கை இழுத்துவிடுங்கள். ராம்ப் பைக்கின் எடையோடு உங்கள் எடையையும் தாங்குவதாக இருக்க வேண்டும். அதன் மேல்முனையைப் பெல்ட்டாலோ சங்கிலியாலோ வண்டியோடு கட்டுங்கள். கட்டாத ராம்ப், பின்சக்கரம் ஏறும் உந்தலில் பின்னால் வழுக்கிவிடும். அலுமினிய ராம்பில் ஈரக் காலணி வழுக்கும், துடைத்துவிட்டு ஏறுங்கள். இன்ஜின் தாழ்வாக உள்ள பைக் என்றால் ராம்பும் தளமும் சேரும் முனையில் அடிப்பாகம் தட்டும், அதற்கு வளைந்த ராம்ப் வாங்க வேண்டும்.

உட்கார்ந்து ஓட்டி ஏற்றாதீர்கள். காணொளிகளில் சிலர் அப்படி ஏற்றுவதைப் பார்த்திருப்பீர்கள், பாதியில் இன்ஜின் அணைந்தால் காலை ஊன்ற இடமே இருக்காது. பக்கத்தில் நடந்தபடி, பார்வை முன்னால் வைத்து, ஒரே சீராகத் தள்ளுங்கள். கனமான பைக் என்றால் பின்னால் ஒருவர் தள்ளலாம், ஆனால் நேர் பின்னால் நிற்காமல் பக்கவாட்டில் நிற்க வேண்டும்.

பாதியில் நிற்க வேண்டி வந்தால் எல்லோர் கையும் முன்பிரேக்குக்குத்தான் போகும். மேட்டில் அது உதவாது. பைக் பின்னோக்கிச் சரியும்போது எடை முழுக்கப் பின்சக்கரத்தின் மேல் இருக்கும், முன்சக்கரம் லேசாகிவிடும், பிரேக் பிடித்தாலும் சக்கரம் பூட்டியபடியே வழுக்கிக்கொண்டு இறங்கும். இதற்கு ஒரு வழி: இன்ஜினை அணைத்து, முதல் கியரில் போட்டு, கிளட்சைப் பிடித்தபடி தள்ளுங்கள். நிற்க வேண்டுமென்றால் கிளட்சை விட்டுவிட்டால் போதும், பின்சக்கரம் கட்டிப்போட்டாற்போல் நிற்கும். சமதளத்தில் ஒரு தடவை பழகிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கட்டும் முறை

முன்சக்கரத்தைத் தடுப்புக் கட்டைக்குள்ளோ முன்சுவரோடோ நேராக முட்டுங்கள். பிக்கப்பில் முன்சுவர் தகடு நெளியாமலிருக்க ஒரு பலகையைக் குறுக்கே வையுங்கள். சைட் ஸ்டாண்டில் நிறுத்தி வைத்து ஓட்டக்கூடாது. கட்டும்போது மட்டும் அது துணைக்கு இருக்கட்டும், முன் பெல்ட்டுகள் இறுகியதும் மடக்கிவிடுங்கள்.

பெல்ட் நான்கு வேண்டும். முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு. முன் பெல்ட்டுகள் ஃபோர்க்கின் (முன்சக்கரத்தைத் தாங்கும், அமுங்கி எழும் இரட்டைக் குழாய்) கீழ்க் கவ்வியிலிருந்து முன்னோக்கியும் பக்கவாட்டிலும் கீழ்நோக்கி இழுக்க வேண்டும். பக்கத்துக்கு ஏறத்தாழ 45 டிகிரி சாய்வு இருந்தால் நல்லது. கவ்வியில் கொக்கியை நேராக மாட்டாமல் மென்மையான துணி வளையம் ஒன்றை நடுவில் போட்டால் பெயின்ட் தேயாது, கேபிள்களும் நசுங்காது. இரண்டு பக்கத்தையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள்.

எவ்வளவு இறுக்க வேண்டும் என்பதுதான் எல்லோரும் கேட்கும் கேள்வி. ஃபோர்க் மொத்தம் அமுங்கக்கூடிய தூரத்தில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை அமுங்கினால் போதும். ஏன் அமுக்க வேண்டும் என்றால், வண்டி பள்ளத்தில் விழும்போது பைக் தன் எடையால் இன்னும் கீழே அமுங்கும். அந்த நொடியில் பெல்ட் தளரும், தளர்ந்த கொக்கி கழன்று விழும், பைக் மேலே எழும்பும்போது பிடிக்க எதுவும் இருக்காது. போதுமான அளவு முன்பே அமுக்கி வைத்திருந்தால் அந்தத் தளர்ச்சி வராது. அதனால்தான் வாய் திறந்த கொக்கியைவிட, மூடும் நாக்கு வைத்த கொக்கி பாதுகாப்பு. மோட்டோகிராஸ் பைக்குகளில் முன் டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே அதற்கென்று விற்கும் முட்டுக்கட்டையை வைத்துக் கட்டினால் ஃபோர்க் அளவுக்கு மீறி அமுங்காது.

பின் பெல்ட்டுகள் பைக்கின் பின்பகுதி பக்கவாட்டில் துள்ளாமலிருக்கத்தான். பின் சட்டத்தில் மாட்டி, லேசாகப் பின்னோக்கி இழுத்துக் கட்டினால் போதும், வலுவாக இறுக்கத் தேவையில்லை.

பெல்ட்டின் வலுவுக்கும் ஒரு கணக்கு உண்டு. ஐரோப்பாவின் இஎன் 12195 தரம், கட்டிய சுமை முன்னோக்கித் தன் எடையின் 0.8 மடங்கு விசையையும், பக்கவாட்டிலும் பின்னோக்கியும் 0.5 மடங்கையும் தாங்க வேண்டும் என்கிறது. 200 கிலோ பைக் என்றால் திடீர் பிரேக்கில் 160 கிலோ முன்னோக்கி இழுக்கும். பெல்ட்டில் அச்சிட்டிருக்கும் இரண்டு எண்களில் அறுந்துபோகும் அளவைப் பார்க்காதீர்கள், வேலைக்கு அனுமதித்த அளவைப் பாருங்கள். அது பொதுவாக முதல் எண்ணில் மூன்றில் ஒரு பங்குதான். வண்டியில் பெல்ட் மாட்டும் வளையங்களுக்கும் இதே கணக்கு பொருந்தும். வேனில் அவை பெரும்பாலும் தளத்திலேயே உறுதியாகப் பதித்திருக்கும், பிக்கப்பில் மெல்லிய தகட்டில் திருகியிருந்தால் நம்பாதீர்கள். வெயிலில் நிறம் வெளுத்த பெல்ட், ஓரம் நூல் பிரிந்த பெல்ட் இரண்டையும் தூக்கி எறிந்துவிடுங்கள்.

மிச்சம் தொங்கும் பெல்ட் வாலைச் சுற்றி முடிந்துவிடுங்கள், பிக்கப்பில் அது சக்கரத்தில் சிக்கக்கூடும். பைக்கின் இருக்கையைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். வண்டியே சேர்ந்து ஆட வேண்டும், பைக் தனியாக ஆடக்கூடாது. புறப்பட்டு பத்துப் பதினைந்து கிலோமீட்டர் போனதும் ஓரமாக நிறுத்தி, நான்கு பெல்ட்டையும் கையால் அழுத்திப் பாருங்கள். புதுப் பெல்ட் கொஞ்சம் நீளும், டயர் கொஞ்சம் நகர்ந்து உட்காரும். பெரும்பாலும் இன்னும் கொஞ்சம் இறுக்க வேண்டியிருக்கும். அப்புறம் வண்டியை நிறுத்தும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு பார்வை போதும்.

இறக்கும்போது சைட் ஸ்டாண்டை முதலில் போட்டுவிட்டு, பின் பெல்ட்டுகளை அவிழுங்கள். முன் பெல்ட்டுகளில் ஸ்டாண்டு உள்ள பக்கத்தைக் கடைசிக்கு வையுங்கள். அமுங்கிய ஃபோர்க் எழும்பும்போது பைக்கை அது எந்தப் பக்கம் தள்ளும் என்பதை மனதில் வைத்து, ஸ்டாண்டு இல்லாத பக்க பெல்ட்டை முதலில் தளர்த்தி, பைக் ஸ்டாண்டின் மேல் சாய்ந்ததும், ஒரு கையால் ஹேண்டில்பாரைப் பிடித்தபடி மற்றதை அவிழுங்கள். அப்புறம் ஸ்டாண்டை மடக்கி, முதல் கியர், கிளட்ச் பிடி, பின்னோக்கி மெதுவாக. உதவிக்கு வருபவர் ராம்பின் கீழே நிற்காமல் பைக்கின் மறுபக்கம் நிற்கட்டும்.